ஆறு பாட்டில், எட்டு நாக்கு, ஒன்பது மூக்கு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் எங்கள் வீட்டு ஒயின் கூத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காக: கேப் டவுனில் எங்கள் வீட்டு ஸ்டூப்பில் (வாசல் திண்ணையில்) எட்டுப் பேர் உட்கார்ந்து, ஆறு ஊர் ரீஸ்லிங் (ஒரு வெள்ளைத் திராட்சை வகை) ஒயினை, எல்லாமே இனிப்பில்லாத ‘ட்ரை’ வகை, பாட்டிலுக்குப் பழுப்புக் காகிதப் பை மாட்டி, எது எந்த ஊர் என்று தெரியாமல் ருசி பார்த்தோம். ஜெர்மனியின் மோசல், ஃபால்ஸ், பிரான்சின் அல்சாஸ், ஆஸ்திரியாவின் வாஹாவ், ஆஸ்திரேலியாவின் கிளேர் வேலி, அப்புறம் கேப் டவுன் பக்கத்து நம்ம எல்ஜின். ஒன்பதாவது ஆள் என் மாமியார். டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து லீவுக்கு வந்திருந்தவர், வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவர், “சும்மா மோந்து பாக்குறேன் குடும்மா” என்று கிளாஸை வாங்கி எங்கள் எல்லோரையும் விட நன்றாகச் சொன்னவர். அரைப் பக்கத்துக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சிலதுக்கு நீளமாகவும் சிலதுக்கு நாலே வரியிலும் எழுதியிருக்கிறேன், குறை நினைக்க வேண்டாம்.

கேள்வி: எல்லா பாட்டிலும் ட்ரை என்கிறீர்கள். அப்புறம் ஒன்று இனித்தது, ஒன்று பல்லைக் கூச வைத்தது என்றும் எழுதுகிறீர்கள். லேபிளில் பொய் சொல்கிறார்களா? (ஜோஹனஸ்பர்க் வாசகர்)

பொய் இல்லை சார். ரசம் வைக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். புளி தூக்கலாகப் போய்விட்டால் ஒரு சிட்டிகை வெல்லம் போடுவோம், ரசம் இனிக்காது, புளிப்பின் முள் மட்டும் மழுங்கும். அதே வெல்லத்தை வெறும் வெந்நீரில் போட்டால் இனிப்புத் தண்ணீர். ரீஸ்லிங்கிலும் அதே கதைதான், அதுவும் வெறும் உவமையாகச் சொல்லவில்லை: திராட்சையில் முக்கியமான அமிலம் டார்டாரிக் அமிலம், புளியில் இருப்பதும் அதுவேதான். வெள்ளைத் திராட்சைகளிலேயே புளிப்பு அதிகமுள்ள வகைகளில் ரீஸ்லிங் ஒன்று, அதனால் இதில் சர்க்கரைக் கணக்கை மட்டும் தனியாகப் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

ஜெர்மனியில் ட்ரைக்கு ‘ட்ரோக்கன்’ என்று போடுவார்கள். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை வரை கேள்வியே கிடையாது. அதற்கு மேல் 9 கிராம் வரைக்கும் போகலாம், ஆனால் சர்க்கரை அமிலத்தை விட 2 கிராமுக்கு மேல் கூடிவிடக் கூடாது. அதாவது அமிலம் 7 கிராம் இருக்கிற ஒயினில் சர்க்கரை 9 கிராம் இருக்கலாம், லேபிளில் தைரியமாக ட்ரோக்கன் என்று போடலாம். அமிலம் 5 கிராம்தான் என்றால் சர்க்கரை 7 தாண்டக் கூடாது. இந்தச் சட்டத்தை எழுதின ஆளுக்கு ரசம் வைக்கத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். மோசல் ஒயினைக் குடித்துவிட்டு எட்டுப் பேரில் ஆறு பேர் ‘இதுதான் ரொம்ப ட்ரை’ என்று எழுதினார்கள். அல்சாஸ் ஒயினுக்கு ஐந்து பேர் ‘லேசா இனிக்குது’ என்று எழுதினார்கள். பையைக் கழற்றி, விவரத்தாளைத் தேடிப் பார்த்தால் சர்க்கரை அதிகம் இருந்தது மோசலில்தான்! அல்சாஸ் நன்றாகப் பழுத்த திராட்சை, ஆல்கஹால் அதிகம், வாயில் கனமாக நிற்கிற உடம்பு, புளிப்பு சாந்தம், அதனால் நாக்கு அதை இனிப்பு என்று எடுத்துக்கொண்டது. என் கொழுந்தன் அந்தத் தாளை நாலு தடவை திருப்பிப் பார்த்தான், அப்போதும் நம்பவில்லை.

அல்சாஸ்காரர்களிடம் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு குழப்பம் ரொம்ப நாளாக இருந்தது. உயரமான பச்சைப் பாட்டிலில் வெறுமனே ரீஸ்லிங் என்று இருக்கும், உள்ளே ட்ரையா இனிப்பா என்பது திறந்தால்தான் தெரியும். 2021 அறுவடையிலிருந்து லேபிளில் இனிப்பு அளவைச் சொல்லியே ஆகவேண்டும் என்று கட்டாயம் வந்துவிட்டது, ‘செக்’ என்று போட்டிருந்தால் ட்ரை. பழைய வருடத்துப் பாட்டில் என்றால் கடைக்காரரைக் கேளுங்கள். அமெரிக்கப் பாட்டில்களின் பின்பக்கத்தில் சிலசமயம் ட்ரையிலிருந்து இனிப்பு வரை ஒரு கோடு போட்டு அம்புக்குறி வைத்திருப்பார்கள், 2007-ல் தொடங்கின சர்வதேச ரீஸ்லிங் அமைப்பு கொண்டுவந்தது அது. சர்க்கரையையும் அமிலத்தையும் சேர்த்துத்தான் அந்த அம்பு எங்கே நிற்கும் என்று முடிவு செய்கிறார்கள். இதுவரை நான் பார்த்ததிலேயே உருப்படியான லேபிள் அதுதான்.

ஆக, பாட்டில் வாங்கும்போது சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள், அமிலம் எவ்வளவு என்றும் கேளுங்கள். பெரும்பாலான பண்ணைகள் தங்கள் இணையப் பக்கத்தில் இரண்டையும் போட்டிருக்கின்றன.

கேள்வி: ரைஸ்லிங்கா, ரீஸ்லிங்கா? வீட்டில் சண்டை. (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி)

ரீஸ்லிங். சண்டையில் நீங்கள் எந்தக் கட்சி என்று எழுதவில்லையே! பெயர் பழசுதான்: 1435 மார்ச் மாதம், ஜெர்மனியில் ரூசல்ஸ்ஹைம் ஊர்க் கோட்டைக் கணக்கில் ரீஸ்லிங் கொடிகள் வாங்கினதற்கு 22 ஷில்லிங் என்று ஒரு வரி எழுதியிருக்கிறது. இந்தத் திராட்சையைப் பற்றிக் கிடைத்திருக்கிற பதிவுகளில் அதுதான் முதலாவது. புகழ்ச்சிக் கவிதை எதுவும் இல்லை, செலவுக் கணக்கு.

கேள்வி: ஒரு ரீஸ்லிங் பாட்டிலைத் திறந்தால் குப்பென்று பாரஃபின் (மண்ணெண்ணெய்) வாசனை. கெட்டுப்போய்விட்டது என்று சிங்க்கில் ஊற்றிவிட்டேன். சரிதானே? (பீனிக்ஸ் வாசகர்)

ஐயோ அண்ணா, ஊற்றியிருக்க வேண்டாம்.

இங்கேதான் என் மாமியார் கதை வருகிறது. ஆறு கிளாஸையும் வரிசையாக வைத்திருந்தோம், அவர் ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே வந்து ஐந்தாவதில் நின்றுவிட்டார். “இது எங்கம்மா பிரைமஸ் அடுப்பு பத்தவைக்கிற வாசனை, மகசின் பாரக்ஸ்ல இருக்கறப்ப, பம்ப் அடிச்சதும் முதல்ல வருமே அது.” சொல்லிவிட்டு மறுபடியும் முகர்ந்தார். டர்பன் நகராட்சி வேலைக்காரர்கள் குடியிருந்த அந்தக் குடியிருப்பு இப்போது இல்லை, அறுபதுகளில் எல்லோரையும் சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த வாசனை ஒரு ஆஸ்திரேலிய பாட்டிலுக்குள் இருந்து வந்து அவரைத் தொட்டதை என்னவென்று சொல்வது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் கொழுந்தன் அதே கிளாஸை எடுத்துக் குடித்துவிட்டு, “பாட்டி வீட்டு அடுப்புக்கு இவ்வளவு விலையா” என்றான்.

அந்த ஐந்தாவது கிளாஸ் கிளேர் வேலி, எட்டு வருடப் பாட்டில். வாசனைக்குக் காரணம் டிடிஎன் என்று சுருக்கமாகச் சொல்லப்படுகிற ஒரு பொருள். கேரட்டுக்கும் பப்பாளிக்கும் நிறம் கொடுக்கிற கரோட்டினாய்டு வகைதான் திராட்சைத் தோலிலும் இருக்கிறது, வெயில் நேராகப் படுகிற குலைகளில் அதிலிருந்து டிடிஎன்னுக்கான மூலப்பொருள் கூடுதலாக உருவாகி, ஒயின் பாட்டிலில் கிடக்கக் கிடக்க மெதுவாக டிடிஎன் ஆக மாறுகிறது. எல்லாத் திராட்சைக்கும் இது கொஞ்சம் உண்டு என்றாலும் ரீஸ்லிங்கில்தான் மூக்குக்குத் தெரிகிற அளவு வரும். வெயில் அதிகமான ஊரில் சீக்கிரம் வரும், குளிர்ந்த ஊரில் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மூடியும் ஒரு காரணம்: தக்கை இந்த வாசனையைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், திருகு மூடி உறிஞ்சாது. கிளேர் வேலிக்காரர்கள் 2000-ஆம் வருட அறுவடையில் ஒரு கூட்டமாகச் சேர்ந்து ரீஸ்லிங்கைத் திருகு மூடிக்கு மாற்றினார்கள், ஊர் முழுக்க மலிவுச் சரக்கு மூடி என்று சிரித்த காலம் அது.

பழைய ரீஸ்லிங்கில் எலுமிச்சை, தேன், சுட்ட ரொட்டி வாசனைகளோடு பாரஃபின் ஒரு ஓரத்தில் நின்றால் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டு வருடம்கூட ஆகாத பாட்டிலில் பாரஃபின் மட்டுமே வந்தால் எனக்கும் பிடிக்காது, அதற்காகக் கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. கெட்ட பாட்டில் எப்படி இருக்கும் என்றால் நனைந்த அட்டைப்பெட்டி, ஈரம் காயாத சாக்கு, பழவாசனை ஒன்றுமே கிடையாது. அது தக்கையால் வருகிற கோளாறு. அந்த மாதிரி இருந்தால் சிங்க்கில் ஊற்றாமல் கடைக்கே திருப்பிக் கொண்டுபோங்கள்.

கேள்வி: அப்பா காலமானபோது அவர் அலமாரியில் தொண்ணூறுகளில் வாங்கின கேப் ரீஸ்லிங் பாட்டில்கள் நாலு இருந்தன. உங்கள் கட்டுரை படித்ததிலிருந்து திறக்கவா வேண்டாமா என்று யோசனை. (டர்பன் வாசகர்)

திறங்கள், ஆனால் ரீஸ்லிங் என்று நினைத்துத் திறக்காதீர்கள். கேப் ரீஸ்லிங் என்பது ரீஸ்லிங்கே இல்லை. க்ரூஷான் பிளாங்க் என்று தென்மேற்கு பிரான்சில் பிரனீஸ் மலைப்பக்கத்துத் திராட்சை அது, எப்படியோ இங்கே வந்து, ரீஸ்லிங் என்று பெயர் ஒட்டிக்கொண்டு பல தலைமுறை ஓட்டிவிட்டது. நிஜ ரீஸ்லிங் பாவம், சொந்தப் பெயரை இன்னொருவன் வைத்திருந்ததால் நம் நாட்டில் ‘ரைன் ரீஸ்லிங்’ என்றும் ‘வைஸ்ஸர் ரீஸ்லிங்’ என்றும் அடைமொழியோடு நடமாட வேண்டியிருந்தது. 2010 அறுவடையிலிருந்துதான் சரிசெய்தார்கள்: வெறும் ரீஸ்லிங் என்றால் நிஜ ரீஸ்லிங், மற்றது கேப் ரீஸ்லிங் அல்லது க்ரூஷான்.

வேடிக்கை என்னவென்றால் இதே ஆள்மாறாட்டம் கிளேர் வேலியிலும் நடந்திருக்கிறது. அங்கே இதே க்ரூஷானை ‘கிளேர் ரீஸ்லிங்’ என்று விற்றார்கள், 1976-ல்தான் இது க்ரூஷான் என்று அடையாளம் கண்டார்கள்.

நானும் இதில் ஏமாந்தவள்தான். கல்யாணம் ஆகி இங்கே வந்த புதிதில், ஒரு பழைய பொருள் ஏலத்தில் ரீஸ்லிங் என்று மட்டும் எழுதின ஒரு பாட்டிலைப் போட்டி போட்டு வாங்கி, கணவரின் பிறந்தநாளுக்கு வைத்திருந்து, நல்ல கிளாஸெல்லாம் துடைத்து வைத்துத் திறந்தேன். நிறம் டீத்தண்ணி. வாசனை காய்ந்த வைக்கோல். புளிப்பு என்று ஒன்று இருந்த சுவடே இல்லை. அவர் மரியாதைக்கு ஒரு கிளாஸ் குடித்தார். க்ரூஷான் இளசாகக் குடிக்கிற, சாதாரண, நல்ல ஒயின், அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் முப்பது வருடம் அலமாரியில் இருக்கிறதற்கான புளிப்பு அதற்குக் கிடையாது, நல்ல ரீஸ்லிங்குக்கு அது உண்டு. உங்கள் அப்பா பாட்டில்களில் ஒன்றை மட்டும் அவர் நினைவுநாளில் திறந்து பாருங்கள், மற்ற மூன்றும் லேபிளுக்காக இருக்கட்டும்.

கேள்வி: ஆறு ஊரும் எப்படி இருந்தது என்று சொல்லவே இல்லையே! நம்ம எல்ஜின் ஜெயித்ததா? (சாமர்செட் வெஸ்ட் வாசகி)

ஜெயிக்கிற தோற்கிற கணக்கு வைக்கவில்லை அக்கா, ஆனால் கேட்டதால் சொல்கிறேன்.

மோசலை முகர்ந்ததும் எனக்கு ஒன்றாம் வகுப்பு ஞாபகம் வந்தது. எச்சிலைத் தொட்டு சிலேட்டை அழித்தால் ஒரு வாசனை வருமே, அது. அந்த ஊர் மண்ணே சிலேட்டுக் கல்தான், நிற்கவே பயமாக இருக்கிற சரிவுகளில் கொடி நட்டிருக்கிறார்கள், ப்ரெம் ஊருக்கு மேலே கால்மோன்ட் என்ற தோட்டம் சில இடங்களில் 65 டிகிரி சரிவு. கல்லின் வாசனை வேர் வழியாக ஏறி ஒயினுக்கு வந்துவிடுகிறது என்று விற்கிறவர்கள் சொல்வார்கள், விஞ்ஞானிகள் அதை ஒத்துக்கொள்வதில்லை. மூக்கு என்னவோ சிலேட்டு என்றுதான் சொல்கிறது. பச்சை ஆப்பிள், எலுமிச்சை, மெலிந்த உடம்பு.

வாஹாவ் டான்யூப் நதிக்கரையில் கல் அடுக்கிக் கட்டின படிக்கட்டுத் தோட்டங்கள். அங்கே ஆல்கஹாலை வைத்து ட்ரை ஒயினை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்: மெலிந்தது ஸ்டைன்ஃபெடர், நடுத்தரம் ஃபெடர்ஷ்பீல், 12.5 சதவிகிதமும் அதற்கு மேலும் போனால் ஸ்மராக்ட். கடைசியது தோட்டத்துக் கல்லில் வெயில் காய்கிற பச்சைப் பல்லியின் பெயர். நம்ம ஊரில் பல்லி விழுந்தால் பலன் பார்ப்பார்கள், அங்கே ஒயினுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். நாங்கள் குடித்தது ஃபெடர்ஷ்பீல். பிளம்ஸ், வெள்ளை மிளகு, சுத்தமான முடிவு. எனக்கு ஆறில் இதுதான் முதலிடம், கணவருக்கு நாலாவது.

ஃபால்ஸ் ஜெர்மனியிலேயே கொஞ்சம் வெதுவெதுப்பான பக்கம், அதனால் ஒயினும் மோசலை விடச் சதைப்பிடிப்பு. அல்சாஸ் பற்றி மேலே சொல்லிவிட்டேன். வோஸ்ஜ் மலை மேற்கிலிருந்து வருகிற மழையைத் தடுத்துவிடுவதால் திராட்சை நிதானமாகப் பழுக்கிறது. கிளேர் வேலியில் பகல் சுடும், இரவு குளிரும், சின்ன எலுமிச்சையைத் தோலோடு கசக்கின மாதிரி ஒரு வாசனை, சர்க்கரை கிட்டத்தட்ட சுத்தமாக இல்லை, பாரஃபினைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கத்தி மாதிரி இருந்தது.

எல்ஜின் விஷயத்துக்கு வருகிறேன். கேப் டவுனிலிருந்து சர் லோரிஸ் கணவாய் ஏறி இறங்கினால் சுமார் 70 கிலோமீட்டர், ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே. ஆப்பிளுக்குக் குளிர் வேண்டும், ரீஸ்லிங்குக்கும் குளிர் வேண்டும், அதனால் நம் நாட்டில் இந்தத் திராட்சைக்கு ஒத்துவருகிற இடங்களில் ஒன்றாக அது ஆகியிருக்கிறது. எட்டுப் பேரில் ஐந்து பேர் அதை ஃபால்ஸ் என்று எழுதினார்கள், ஒருவர் மோசல் என்றார், நான் ஃபால்ஸ். பக்கத்து ஊர்க்காரர்கள் ஒருவர்கூட எல்ஜின் என்று சொல்லவில்லை. அது ஒயினுக்குப் பெருமை, எங்களுக்கு வெட்கம்.

கேள்வி: நாங்களும் ஒரு டேஸ்டிங் வைக்க ஆசை. எவ்வளவு ஊற்றுவது, என்ன வரிசை? (பினோனி வாசகர்)

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். வைத்தது வெள்ளிக்கிழமை. சாயங்காலம் மாமியார் விளக்கேற்றி சாம்பிராணி போட்டிருந்தார், சமையலறையில் தாளிப்பு, வந்தவர்களில் ஒருவர் தலை நிறைய சென்ட். முதல் இரண்டு கிளாஸ் எந்த ஊர் ஒயினாக இருந்தாலும் அன்றைக்குச் சாம்பிராணி ஊர்தான். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வெளியே ஸ்டூப்புக்குப் போய் மறுபடி ஆரம்பித்தோம். இன்னொரு தப்பு, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே ஊற்றியது. அவ்வளவு குளிரில் ஒயின் வாயைத் திறக்காது. பத்து டிகிரி பக்கம் இருந்தால் நல்லது, எடுத்து இருபது நிமிடம் வெளியே வையுங்கள். டர்பனில் பிப்ரவரி மாதம் என்றால் ஐந்து நிமிடம் போதும்.

ஆளுக்கு 50 மில்லி ஊற்றினால் எட்டுப் பேருக்கு 400 மில்லி, பாட்டிலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் இருக்கும், அதை அரை மணி கழித்துத் திரும்பிப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், ரீஸ்லிங் கிளாஸில் காற்றுப்பட்டு நிறைய மாறும். ஆனால் ஆறு ஒயினுக்கு 50 மில்லி என்றால் ஒருவருக்கு 300 மில்லி, அரை பாட்டிலுக்குப் பக்கம். எனவே துப்புவதற்கு ஆளுக்கொரு டம்ளர். வெற்றிலை போட்ட பரம்பரை நாம், துப்ப வெட்கப்பட வேண்டாம். நம் நாட்டு ஓட்டுநர் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 0.05 கிராம்தான், வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஆல்கஹால் குறைந்ததிலிருந்து அதிகத்துக்குப் போகலாம், பழைய பாட்டிலைக் கடைசிப் பக்கம் வைக்கலாம். பை மாட்டி எண் போடுகிறவர் ஒருவர்தான் இருக்க வேண்டும், அவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். முக்கியமாக, எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது. என் கொழுந்தன் மூன்றாவது கிளாஸில் “பீச்!” என்று கத்தினான், அதற்கப்புறம் மூன்று பேர் தாளில் பீச். முறுக்கு, சீவல் எல்லாம் கடைசியில். நடுவில் வெறும் ரொட்டியும் தண்ணீரும். வெளிநாட்டுப் பாட்டில்கள் இங்கே குறைவாகத்தான் கிடைக்கின்றன, யாராவது ஊருக்குப் போய்வருகிறார்கள் என்றால் சொல்லிவையுங்கள், ஆளுக்கு 2 லிட்டர் ஒயின் வரியில்லாமல் கொண்டுவரலாம், அதாவது இரண்டு பாட்டில்.

கேள்வி: டர்பன் குழம்புக்கு ட்ரை ரீஸ்லிங் பொருந்துமா? (டோங்காட் வாசகி)

எந்தக் குழம்பு என்பதைப் பொறுத்தது. புளி ஊற்றின ஷாட் மீன் குழம்புக்கு நல்ல புளிப்புள்ள மோசல் ட்ரை அருமையாக இருந்தது, ஏனென்றால் சாப்பாட்டை விட ஒயினில் புளிப்பு கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். நண்டுக்கும் அப்படியே. ஆனால் மூக்கில் தண்ணீர் வருகிற ஆட்டுக்கறிக் குழம்புக்கு 13 சதவிகித ட்ரை ஒயின் எடுக்காதீர்கள், ஆல்கஹால் காரத்தை ஊதிவிடும், வாய் எரியும். அதற்கு லேசான இனிப்பும் குறைந்த ஆல்கஹாலும் உள்ள ஜெர்மன் ‘காபினெட்’ வகை ரீஸ்லிங் எடுங்கள். ட்ரை மட்டும்தான் ஒஸ்தி, இனிப்பு மட்டம் என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது, ஒரு கவளம் ஆட்டுக்கறி போட்டுக்கொண்டு குடித்துப் பார்த்தால் போய்விடும்.

கேள்வி: நான் சைவம். ஒயின் சைவம்தானே? புரட்டாசியில் தொடுவதில்லை, மற்ற மாதங்களுக்குக் கேட்கிறேன். (சாட்ஸ்வொர்த் வாசகர்)

எப்போதும் இல்லை. ஒயினைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கிற பசை, ஜெலட்டின், முட்டை வெள்ளை, பால் புரதம் என்று ஏதாவது சேர்ப்பது பழைய வழக்கம். வண்டலோடு சேர்த்து எடுத்துவிடுவார்கள் என்றாலும் மனசு ஒப்பாது. வெள்ளை ஒயினுக்கு நிறையப் பேர் பென்டோனைட் என்ற களிமண்ணை உபயோகிக்கிறார்கள், அது சுத்த சைவம். லேபிளில் வீகன் என்று இருந்தால் பிரச்சினை இல்லை, இல்லாவிட்டால் பண்ணைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நான் கேட்டபோதெல்லாம் பதில் வந்திருக்கிறது.

கேள்வி: கோயில் திருவிழாச் செய்திக்கு அடுத்த பக்கத்தில் ஒயினா? குடியால் அழிந்த குடும்பங்கள் நம்மில் எத்தனை, உங்களுக்குத் தெரியாதா? (பெயர் போட வேண்டாம் என்ற வாசகி)

தெரியும் அம்மா. கேப் பக்கத்து ஒயினில் இதைவிடக் கசப்பான விஷயமும் இருக்கிறது. திராட்சைத் தோட்டக் கூலிகளுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியை ஒயினாகவே ஊற்றிக் கொடுத்தார்கள், ‘டாப்’ முறை என்று பெயர். அறுபதுகளில் சட்டத்தால் தடைசெய்த பிறகும் சில பண்ணைகளில் பல வருடம் நடந்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் உலகத்திலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் மேற்கு கேப் ஒன்று. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, கூலியை வைத்து ஆளைக் கட்டிப்போடுவது என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. நான் இப்போது இங்கே ஒயின் வாங்கும்போது, தொழிலாளர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று சோதித்துக் கொடுக்கிற வியெட்டா முத்திரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறேன். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. பத்தியைத் திருவிழாப் பக்கத்திலிருந்து தள்ளிப் போடச் சொல்லி ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன், அது உங்கள் கடிதத்தால்தான்.

கேள்வி: பாட்டில் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி மினுமினுக்கிறது. குடிக்கலாமா? (பீனிக்ஸிலிருந்து இன்னொரு வாசகி)

குடிக்கலாம். முதல் பதிலில் சொன்ன டார்டாரிக் அமிலம்தான், பொட்டாசியத்தோடு சேர்ந்து குளிரில் உப்பாகப் படிந்திருக்கிறது. விரலில் எடுத்து நெரித்துப் பாருங்கள், கண்ணாடி குத்தும், இது மணல் மாதிரி உடையும், நாக்கில் வைத்தால் புளிக்கும். பாட்டிலை ஒரு மணி நேரம் நிற்கவைத்துவிட்டு மெதுவாக ஊற்றினால் அடியிலேயே தங்கிவிடும். மாமியார் அதையும் முகர்ந்து பார்த்தார், வாசனை ஒன்றும் இல்லையாம்.